பஸ் நிறுத்தத்தை நகர்த்திய பதினோரு வாசகிகள்

1

எங்கள் வட்டார நூலகத்தில் வாசிப்பு வட்டம் தொடங்கி இந்த மாதத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. அதை நடத்தும் பிர்கித்தா, ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். சேர்ந்து படித்ததில் என்ன கிடைத்தது என்று எழுத வேண்டும். நான் ஸ்வீடிஷ் மொழியில் நாலு வரி எழுதியதும் நின்றுவிட்டேன். சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி நடந்தது விஸ்வநத்தத்தில். அதை முதலில் ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் இங்கே சொல்வது சரியில்லை என்று பட்டது. அதனால் இது தமிழில், அரைப் பக்கத்தைத் தாண்டி.

நான் சண்முகக்கனி. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பிறந்தேன். அப்பா, அம்மா இருவருமே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கல்யாணமாகி, கணவரின் வேலை காரணமாக ஸ்வீடனில் உள்ள கோத்தன்பர்க் நகரத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். தினமும் உருளைக்கிழங்கு அவிப்பேன். ஒரே மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது.

நூலகத்துப் பக்கம் நான் போனது அறிவுத் தாகத்தால் இல்லை, மொழிக்காகத்தான். வந்த புதிதில் ஒரு பெரியவரிடம் பேங்குக்கு வழி கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குள் போய், ஒரு பெஞ்சைக் காட்டி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் ஊரில் வங்கிக்குப் பெயர் பாங்க். பெஞ்சுக்குப் பெயர் பெங்க். சிவகாசியில் பழகிய என் வாய் பேங்க் என்றது அவர் காதில் பெஞ்சாக விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் இருவரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து போவது மரியாதையா என்று தெரியாமல் நானும் உட்கார்ந்திருந்தேன். அன்று வங்கி மூடிவிட்டது. அதன் பிறகு, வாய்விட்டுப் பேசும் இடம் எதுவாக இருந்தாலும் போவது என்று முடிவு செய்தேன்.

2

பிர்கித்தா முன்பு டிராம் ஓட்டியவர். வட்டத்தில் ஏழு பேர். நகரங்களைப் பற்றிய புத்தகமாக ஒன்றை எடுப்போம். வாரம் ஒரு அத்தியாயம், முறை வைத்து உரக்க வாசிக்க வேண்டும். என் முறை வரும்போது மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: இந்தப் பக்கங்களில் நம் தெருவுக்கு ஆகிற விஷயம் ஏதாவது இருக்கிறதா?

முதல் வருடம் எங்களுக்கு ஆனது ஒரு பெஞ்சு. மேட்டுத் தெருவில் பால் பாக்கெட்டும் கையுமாக ஏறிவரும் வயதானவர்கள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவார்கள். அங்கே உட்கார ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினோம். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. கடிதம் உரிய பிரிவுக்குப் போயிருக்கிறது என்று இன்னொன்று வந்தது. தெருவின் சரிவை அளக்க வேண்டியிருக்கிறது என்று மூன்றாவது வந்தது. பனிக்காலம் வந்து, போய், எட்டாவது மாதம் பெஞ்சும் வந்தது. ஏழு பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்து காப்பி குடித்தோம். பெஞ்சு என்ற சொல்லை அன்றிலிருந்து நான் தப்பாகச் சொன்னதில்லை.

அந்தப் போட்டோவை முத்துமாரிக்கு அனுப்பினேன். முத்துமாரி என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் கை.

"ஏ கனி, ஏழு பேரு ஒரு வருசம் படிச்சு ஒத்தை பெஞ்சா வாங்குனீக?" என்று கேட்டாள்.

கோபமாக வந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நேரம், மழை வேறு. அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, சொல்லு என்றாள்.

3

இரண்டு வாரம் போனில் சொன்னேன். மூன்றாவது வாரம் அவளே நிறுத்தினாள். "நீ சொல்றப்ப நல்லாத்தான் இருக்கு. போனை வச்சதும் மறந்துருது. எழுதி அனுப்பு, நாங்களே படிச்சுக்கிறோம்."

நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன். அதற்குள் அவள் நாலு பேரைச் சேர்த்துவிட்டிருந்தாள். அவர்களில் சபியாவும் ஒருத்தி. அவளும் எங்கள் வகுப்புதான், அழகாக வாசிப்பாள். டவுனில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் தையல். அவளுடைய அண்ணன் விஸ்வநத்தம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தார்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் சாரத்தையும் என் வார்த்தையில் தமிழில் எழுதி, நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சபியா வீட்டு ஆள் ஒருவர் அச்சகத்தில் இருந்ததால், மிஞ்சிப்போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அது பெரிய எழுத்தில் அச்சாகி வந்தது. முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் நகரமைப்பு. ஞாயிறு மத்தியானம் சமுதாயக்கூடத்து வராந்தாவில் படித்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் வந்தார்கள். சபியா வாசிப்பாள், மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். நான் அனுப்பியது போதாதென்று ஊர் நூலகத்திலிருந்து கிராம நிர்வாகம் பற்றி ஒன்று, நிழல்மரங்கள் பற்றி ஒன்று என எடுத்து வந்து அதையும் படித்தார்கள். தை பிறந்தபோது பதினோரு பேர் ஆகியிருந்தார்கள்.

அங்கேயும் கடைசியில் ஒரு கேள்விதான். இது நம்ம ஊருக்கு ஆகுமா? பெரும்பாலும் ஆகாது என்றே பதில் வந்தது. பெஞ்சைப் பற்றிய அத்தியாயத்துக்கு, இங்கன சிமெண்டுப் பெஞ்சு போட்டால் மத்தியானம் அதில் தோசை ஊத்தலாம், முதலில் மரத்தை வைக்கச் சொல்லு என்று செல்வி சொன்னாளாம். செல்வி முத்துமாரியோடு பேக்கிங்கில் இருப்பவள். இதைப் போனில் கேட்டபோது இனியா பக்கத்தில் இருந்தாள். அவளுக்குத் தோசை என்பது மட்டும் புரிந்தது. என்ன ஜோக் என்று ஸ்வீடிஷில் கேட்டாள். நான் ஸ்வீடிஷில் விளக்கியபோது அதில் ஜோக்கே இல்லை. அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

4

அடுத்த தீபாவளி சீசனில் செல்வி அடிபட்டாள்.

விஸ்வநத்தத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஸ்டாப், ரோடு வளைந்து திரும்பும் இடத்தை ஒட்டி இருந்தது. சாயங்காலம் கம்பெனிப் பக்கமிருந்து வரும் பஸ்ஸும் வேனும் ஆட்களை ஊருக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். இறங்கியவர்கள் ரோட்டைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். வளைவில் திரும்பும் லாரிக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள், இவர்களுக்கு லாரி தெரியாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் ஓடினாள். நானும் ஓடியிருக்கிறேன். அது ரோட்டின் குணம் என்றுதான் நினைத்திருந்தோம்.

செல்வியை மோதியது ஒரு பைக். காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, அந்த சீசன் முழுக்கக் கட்டிலில் கிடந்தாள். அவளைப் பார்க்கப் போன மற்ற பத்துப் பேரும் அன்று அவள் கட்டிலைச் சுற்றியே உட்கார்ந்து படித்தார்கள். நகரத்தைத் திருத்த நினைப்பவர்கள் வண்டிகளை எண்ணுவதை விட்டு ஆட்களின் காலடியைக் கவனிக்க வேண்டும், எங்கே நிற்கிறார்கள், எந்த வழியாகக் கடக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்க்க வேண்டும் என்பது அந்த வாரத்து அத்தியாயம். சபியா வாசித்து முடித்ததும், படுத்திருந்த செல்விதான் சொன்னாள். "அம்புட்டுப் பேரும் ஒருக்கா நின்னு பாருங்க. என்னையும் ஒரு கோடாப் போட்டுக்கோங்க."

அடுத்த மூன்று நாள், நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை, முறை போட்டு ரோட்டோரம் நின்றார்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். கடக்கிற ஒவ்வொருவருக்கும் காலண்டர் தாளில் ஒரு கோடு. ஓடிக் கடந்தால் சிவப்பு, நடந்து கடந்தால் பச்சை. பிறகு முத்துமாரி படம் வரைந்தாள். கோலத்துக்கு வைக்கிற மாதிரி பத்து அடிக்கு ஒரு புள்ளி வைத்து, ரோடு, வளைவு, கடைகள், வீடுகள் எல்லாவற்றையும் புள்ளிக் கணக்கில் இழுத்துவிட்டாள். அது எனக்கு வந்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வளைவு முழுக்கச் சிவப்பு. நான் அங்கே பிறந்து வளர்ந்தவள், ஆனால் அன்றுதான் அந்த ரோட்டை முதல்முறை பார்த்த மாதிரி இருந்தது.

5

ஸ்டாப்பை எங்கே மாற்றுவது என்பதில்தான் கூட்டம் உடையப் பார்த்தது. அதற்கு நானே காரணம்.

போனில், வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வளைவிலிருந்து நன்றாகத் தள்ளி நேரான ரோட்டில், ஒரு குடோன் சுவரையொட்டிக் காலி இடம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அங்கே மாற்றலாம் என்று அம்பு போட்டு அனுப்பினேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, சபியாவைத் தவிர. ஸ்டாப் போய்விட்டால் அவள் அண்ணன் கடை என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. யாரோ ஒருத்தி அவளுக்காகக் கேட்டாள். இன்னொருத்தி, செல்வி காலைவிட டீக்கடை பெரிசா என்று கேட்டுவிட்டாள். சபியா தாள்களை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. முத்துமாரி தட்டுத் தடுமாறி வாசித்தாள், கேட்டவர்களுக்குத் தூக்கம் வந்தது. நான் சபியாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. புத்தகத்தை அனுப்பி மூன்று பேர் சிநேகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கணவரிடம் சொல்லி அழுதேன்.

மூன்றாவது ஞாயிறு அவளாகவே வந்தாள். அந்த இரண்டு வாரமும் சும்மா இருக்கவில்லை. ஏழு மணிக்கு அந்தக் குடோன் சுவர் பக்கம் தனியாகப் போய் நின்று பார்த்திருக்கிறாள்.

"அண்ணனுக்காகப் பேச வரலை" என்றாள். "அந்தச் சொவரு பக்கம் வேண்டாம். இருட்டுனப்புறம் இறங்குனா நம்மளைப் பாக்க அங்கன ஒரு சன்னல் கிடையாது. கத்துனாலும் சொவருக்குத்தான் கேக்கும்."

அவள் சொன்ன இடம் வேறு. வளைவு முடிந்து ரோடு நேராகிற இடத்தில், ஊர்ப்பக்கம் மாவு மில், சைக்கிள் கடை, அடுத்தடுத்து வாசல் திறந்திருக்கும் வீடுகள். லாரிக்காரனுக்குத் தூரத்திலேயே ஆள் தெரியும். இறங்குகிற பெண்ணை எதிரே பத்துக் கண் பார்க்கும். அந்த இடமும் அண்ணன் கடையிலிருந்து தள்ளித்தான் இருந்தது. செல்வி காலைவிட டீக்கடை பெரிசா என்று கேட்டவள் எழுந்து போய் சபியா பக்கத்தில் உட்கார்ந்தாளாம். முத்துமாரி புதுத் தாள் எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

மேலிருந்து பார்த்து நான் போட்ட அம்பு தப்பு. கீழே நின்று பார்த்தவள் சரி. இதை வட்டத்தில் நான் சொன்னபோது பிர்கித்தா பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

6

ஒரு திங்கட்கிழமை, குறை கேட்கும் நாளில், ஆறு பேர் லீவு போட்டுவிட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஆமத்தூர் தாண்டும் வரை யார் பேசுவது என்று சண்டை போட்டுக்கொண்டு போனோம் என்று முத்துமாரி சொன்னாள். இதற்கு முன்னும் ஊரிலிருந்து இரண்டு முறை மனு போயிருக்கிறது. அவற்றில் ஆபத்தாக இருக்கிறது, ஆவன செய்யவும் என்று மட்டும் இருந்தது. இந்த முறை மூன்று நாள் கோடுகள், இரண்டு இடங்களின் படம், ஏன் ஒன்று வேண்டாம், ஏன் மற்றது வேண்டும் என்று ஒரு பக்கம், எல்லாம் காலண்டர் தாளிலேயே போயின.

பத்து நாளில் ஒரு என்ஜினீயர் வந்தார். படத்தை ஜீப்பின் முன்பக்கம் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அளவெல்லாம் சரியாக இருக்கிறதே, எந்தக் கம்பெனி வரைந்து கொடுத்தது என்று கேட்டார்.

"பட்டாசுக் கம்பெனி சார்" என்றாள் முத்துமாரி. "நாங்கதான்."

அவரும் குடோன் சுவரைத்தான் முதலில் காட்டினார். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது, வேலை சுலபம் என்றார். சபியா மறுத்துப் பேசவில்லை. "ஏழு மணி வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் இருந்தார். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் அவர் ஜீப்பில் ஏறிப் போகாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது. ஐந்து மணிக்கு வளைவில் நின்றார். ஆறு மணிக்கு அவர் கண் முன்னால் ஒரு கூட்டம் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இருட்டியதும் சுவர் பக்கம் நடந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். மாவு மில்லுக்கு எதிரே வந்து, தன் பேனாவாலேயே முத்துமாரியின் படத்தில் வட்டம் போட்டார்.

7

அதன் பிறகு மாதங்கள் ஓடின. போன் செய்யும்போதெல்லாம், அளந்துவிட்டுப் போனார்கள், ஃபைல் போயிருக்கிறது, மழை முடியட்டும் என்கிறார்கள் என்பதுதான் செய்தி. மூன்று கடிதம் பார்த்தவள் நான், ஆகையால் தைரியம் சொன்னேன்.

இந்த இடைவெளியில் இங்கே ஒன்று நடந்தது. விஸ்வநத்தத்துக்காரர்கள் நடந்ததை எழுதி, கோட்டுத் தாள்களோடு எனக்கு அனுப்பியிருந்த நோட்டையே அடுத்த புத்தகமாகப் படிக்கலாமே என்றார் பிர்கித்தா. ஸ்வீடிஷில் ஆக்கும் அளவுக்கு எனக்கு மொழி போதாது. இனியாவிடம் கேட்டேன். பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்றாள். ஆனாலும் மேசையில் கிடந்த தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புக் கோடு என்றால் என்ன என்று கேட்டாள். ஓடியவர்கள் என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

நான் சத்தமாக வாசிப்பேன், அவள் தட்டச்சு செய்வாள். பல இடத்தில் என் விளக்கம் அவளுக்குத் திருப்தியாக இல்லை. ஒரு சனிக்கிழமை அவளே முத்துமாரிக்குப் போன் செய்தாள். சின்ன வயதிலிருந்து போனை நான் நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு ஓடுகிற பிள்ளை அவள்.

"சித்தி, ஒருக்கான்னா என்ன?"

"ஒருக்கான்னா ஒரு தடவை. ஏன்டி, ஒங்கம்மா இதைக்கூடச் சொல்லிக் குடுக்கலையா?"

அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள். சீசன், லோடு, ஓவர்டைம், செல்வியின் கால் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் தமிழில் வேற்றுமை உருபெல்லாம் இடம் மாறி நின்றன. முத்துமாரி அதைக் கேட்டுச் சிரித்தாளே தவிரத் திருத்தவில்லை. நான் சமையலறையில் அரிசி களைவது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். களைந்த அரிசியையே மூன்று முறை களைந்தேன்.

நோட்டைப் படித்து முடித்ததும் எங்கள் வட்டமும் குல்லா, கையுறையோடு டிராம் நிறுத்தத்தில் முறை போட்டு நின்றது. அம்மாக்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, போட்டிருந்த நடைபாதையை விட்டுப் புல்வெளி மேட்டில் ஏறிப் போவதைக் கோடு போட்டோம். இனியா புள்ளி வைத்துப் படம் வரைந்தாள். அந்த மேட்டில் இப்போது பாதை இருக்கிறது. இந்த முறை நகராட்சியிலிருந்து ஒரே கடிதம்தான் வந்தது. இந்த முறையை எங்கே கற்றீர்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். இனியா பதில் எழுதினாள். விஸ்வநத்தம் என்ற பெயரை அவர்கள் எழுத்தில் எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தாள்.

8

போன சீசன் உச்சத்தில் இருந்தபோது, மத்தியானச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம், சபியா வீடியோவில் வந்தாள். அங்கே சாயங்காலம் ஆறு மணி. பேசாமல் பார்த்துக்கொண்டிரு என்றாள்.

மாவு மில் தெரிந்தது. அதற்கு எதிரே புதுப் பலகை, விளக்குக் கம்பம், இரண்டு பக்கமும் வேகத்தடை, நடுவில் இன்னும் அழுக்குப் படாத வெள்ளைக் கோடுகள். நிழற்குடை மட்டும் பாக்கி. மில்லை ஒட்டி ஒரு டீக்கடை. சபியாவின் அண்ணன் பஸ் வருவதற்கு ஒரு மாதம் முன்பே கடையை இங்கே மாற்றிவிட்டார். முதலில் தங்கையோடு பேசாமல் இருந்தவர், மனு போன அன்று காலையில் ஆறு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினாராம்.

பஸ் வந்தது. வளைவில் நிற்காமல் திரும்பி, நேராக வந்து, பலகைக்குக் கீழே நின்றது. முதலில் இறங்கியது செல்வி. ஒரு காலை லேசாக இழுத்துத்தான் நடக்கிறாள், இனி அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பின்னால் முத்துமாரி, அவள் பின்னால் மற்றவர்கள். போனைப் பிடித்திருந்த சபியா, தையலைப் போட்டுவிட்டு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். தூரத்தில் ஒரு லோடு லாரி வந்துகொண்டிருந்தது. என் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டேன்.

செல்வி வெள்ளைக் கோட்டில் கால் வைத்தாள். ஓடவில்லை. யார் கையையும் பிடிக்கவில்லை. லாரி வேகத்தடையில் தணிந்து, கோட்டுக்கு முன்னால் நின்றது. அவள் தன் நடையில், நிதானமாக, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். போனதும் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வந்த வழியே மறுபடி இந்தப் பக்கம் கடந்து வந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும், போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுச் சபியாவும் கடந்தார்கள். போனார்கள், வந்தார்கள். மாவு மில்லில் நின்றவர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "எங்கனக்கா போகணும், இங்கிட்டா அங்கிட்டா?"

"எங்கயும் போகலை தம்பி" என்றாள் செல்வி. "கடந்து பாக்கோம்."

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு, கதவின் மேல் கையை மடித்து வைத்துக்கொண்டார். பதினோரு பேரும் இன்னொரு முறை கடந்தார்கள்.